குதி உயர்ந்த செருப்பும் கெண்டைக்கால் சதையும்

(ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நாம் செருப்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேள்விப்பட்ட சிலர், "இவர்களுக்குப் பேச வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று சிரித்ததாகச் சொன்னார்கள். சிரிக்கட்டும். அதனால் நமக்கு யாதொரு நஷ்டமுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். நெற்றியில் இடும் குறியைப் பற்றியும், கழுத்தில் கட்டும் கயிற்றைப் பற்றியும் ஊரே கூடி வாதாடலாம். நாள் முழுவதும் நம்மைச் சுமந்து திரிகின்ற காலைப் பற்றிப் பேசுவது மாத்திரம் எப்படிச் சின்ன விஷயமாகும்?

நிற்க, இவ்விஷயத்தைப் பேச நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் இந்த ஊரிலேயே ஒரு நெசவாளத் தோழர் வீட்டுக் கல்யாணத்திற்குப் போயிருந்தோம். பெண் படித்தவள், சென்னையில் ஒரு பெரிய கடையில், வருகிறவர்களை வரவேற்கும் வேலையில் மூன்று வருஷமாக இருந்து வருகிறவள். மாப்பிள்ளை கொஞ்சம் உயரம். ஜோடி படத்தில் சரியாக விழ வேண்டும் என்று படம் எடுப்பவர் சொல்ல, பெண்ணுக்கு நாலங்குலக் குதி வைத்த செருப்பை மாட்டிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேடை ஏறியவள் இரவு பதினொரு மணிக்குத்தான் இறங்கினாள். மறுநாள் காலையில் வெறுங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. உடனே பாட்டியார், ஊரே கண் வைத்துவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார். மிளகாய் வெடித்தது, வீட்டிலிருந்த எல்லோரும் இருமினோம், வலி மாத்திரம் போகவில்லை.

"ஏனம்மா, அந்தச் செருப்பினால் வந்த வினையாக இருக்குமோ?" என்று நாம் கேட்டோம். அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில்தான் நம்மை யோசிக்க வைத்தது. "இல்லை மாமா, மூன்று வருஷமாகக் கடையில் ஹீல்ஸ் போட்டுத்தான் நிற்கிறேன், அது அவர்கள் உத்தரவு. அதைப் போட்டு நடந்தால் சௌகரியமாகவே இருக்கிறது. கழற்றிவிட்டு வெறுங்காலில் நடந்தால்தான் வலிக்கிறது. என் காலுக்கு ஹீல்ஸ்தான் ஒத்துக்கொள்ளுகிறது போலிருக்கிறது" என்றாள்.

தோழர்களே! பாட்டியார் சொன்னது மூடநம்பிக்கை என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் பெண் சொன்னது அனுபவம். அனுபவத்தை நாம் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அனுபவத்திற்கு அர்த்தம் என்ன என்று விசாரிக்காமல் விட்டால், அதுவும் கடைசியில் மூடநம்பிக்கையில்தான் கொண்டுபோய் விடும். ஆகையால் அதைச் சற்று விசாரிப்போம்.

காலின் அமைப்பு

முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் கெண்டை மீன் போல் திரண்டிருக்கிறதே, அதைத்தான் கெண்டைக்கால் சதை என்கிறோம். ஆடுசதை என்றும் சொல்லுவதுண்டு. அது ஒரே சதையல்ல, முக்கியமாக இரண்டு. மேலே தெரிகிற, இரண்டு தலையுள்ள சதை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பிலிருந்து புறப்படுகிறது. அதற்கு அடியில் மறைந்திருக்கும் தட்டையான சதை முழங்காலுக்குக் கீழேயிருந்து புறப்படுகிறது. இரண்டும் கீழே வந்து ஒன்றாகி, ஒரு தடித்த நாணாகக் குதிகால் எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்ளுகின்றன. உங்கள் குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் அந்த நாண் கயிறு போல் அகப்படும். சிலர் அதைக் குதிநரம்பு என்பார்கள். அது நரம்பல்ல; சதையை எலும்போடு கட்டியிருக்கும் குதிநாண்.

நாம் நடக்கும்போது இவை என்ன செய்கின்றன? முதலில் குதிகால் தரையில் படுகிறது. பிறகு பாதம் முழுதும் பதிகிறது. சரீரம் அந்தப் பாதத்தின் மேலாக முன்னே சாய்ந்து போகிறது. அப்போது முழங்கால் முன்னே போகிறது, குதிகால் தரையிலேயே நிற்கிறது. ஆகவே பின்னாலுள்ள நாண், வில்லை வளைத்தது போல் இழுபடுகிறது. பின்பு குதிகால் கிளம்பும்போது, இழுபட்ட நாண் சடக்கென்று சுருங்கி நம்மை முன்னே தள்ளிவிடுகிறது. இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. சதை அதிகமாக நீளாமலும் சுருங்காமலும் நாணைப் பிடித்துக்கொண்டு மாத்திரம் நிற்கிறது. நீண்டு சுருங்குகிற வேலையில் பெரும்பங்கை நாண் செய்துகொள்ளுகிறது. அதனால்தான் மனிதன் சேவூருக்கும் தேவிகாபுரத்துக்கும் நடந்து போய்த் திரும்பினாலும் கால் ஓய்ந்து விழுந்துவிடுவதில்லை.

இனி, குதிகாலுக்கு அடியில் மூன்றங்குலம் நாலங்குலத்தில் ஒரு கட்டையை வைத்துப் பாருங்கள். குதிகால் மேலே போய்விட்டது. கெண்டைச் சதைக்கும் குதிகாலுக்கும் உள்ள தூரம் குறைந்துவிட்டது. சதையும் நாணும் தொய்வான நிலைக்கு வந்துவிட்டன. சரீரத்தின் பாரம் பாதத்தின் முன்பக்கத்தில் வந்து குவிகிறது. அடி சுருங்குகிறது. முழங்கால் மடிந்தே நிற்கிறது. நாண் செய்துவந்த வேலையில் ஒரு பங்கைச் சதை தன் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதாவது, அதே தூரம் நடப்பதற்குச் சதை அதிகமாக உழைக்கிறது.

பாவு தொய்ந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரு நாள் இரண்டு நாள் போட்டால் கழற்றியதும் கால் பழையபடி ஆகிவிடும். வருஷக்கணக்காகப் போட்டால்? இங்கேதான் ஆரணிக்காரர்களாகிய உங்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தறியில் பாவு தொய்ந்து போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தொய்ந்த பாவில் இழை சரியாகப் பிரியாது, நாடா ஒழுங்காக ஓடாது. உடனே துணி சுருட்டும் மரத்தைத் திருகித் தொய்வை எடுத்துவிடுகிறீர்கள். சரீரமும் அதையே செய்கிறது. "இந்தக் காலில் சதை எப்போதும் தொய்ந்தே கிடக்கிறது, இவ்வளவு நீள இழை எதற்கு?" என்று சதையின் இழையையே குட்டையாக்கிக் கொள்ளுகிறது.

இது நமது கற்பனையல்ல. 2010-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள், வழக்கமாகக் குதி உயர்ந்த செருப்பு அணிகிற 11 பெண்களையும், அணியாத 9 பெண்களையும் வைத்துப் பரீட்சித்தார்கள். முன்னவர்கள் இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் குதி உள்ள செருப்பை வாரத்தில் 40 மணி நேரமாவது, இரண்டு வருஷத்திற்குக் குறையாமல் போட்டு வந்தவர்கள். வயிற்றிலுள்ள குழந்தையை ஸ்கேன் செய்து பார்க்கிறோமே, அதே முறையில் அவர்களுடைய கெண்டைச் சதையைப் பார்த்தார்கள். அணியாதவர்களின் சதை இழை சராசரி 56 மில்லிமீட்டர் இருந்தது, அணிகிறவர்களுடையது 49.6 மில்லிமீட்டர்தான் இருந்தது. அதோடு அவர்களுடைய குதிநாண் தடித்து விறைத்துமிருந்தது. கணுக்கால் மேலும் கீழும் அசையக்கூடிய அளவும் குறைந்திருந்தது.

ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களின் கால் பலம் குறைந்துவிட்டதாக அவர்கள் காணவில்லை. சதை குட்டையானதற்கு ஈடாக நாண் தடித்து, கணக்கைச் சரிக்கட்டிவிட்டது. ஆகையால் ஹீல்ஸ் போட்டவர்கள் எல்லோரும் நொண்டியாகிவிடுவார்கள் என்று நாம் பயமுறுத்த வரவில்லை. பயமுறுத்திப் பிழைப்பது புரோகிதன் வேலை. நமக்கு அது வேண்டாம். இதுவும் இருபது பேரை மாத்திரம் வைத்துச் செய்த சிறு பரீட்சை என்பதையும் மறக்கக்கூடாது.

2012-ல் ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் இதேபோன்று பெண்களை நடக்க விட்டே பார்த்தார்கள். வெறுங்காலில் நடப்பதைவிட, குதி உயர்ந்த செருப்போடு நடக்கும்போது கெண்டைச் சதை அதிகமாக வேலை செய்வதையும், அதன் இழைகள் அதிகமாக இழுபடுவதையும் கண்டார்கள். நாம் முன்னே சொன்ன சிக்கனம் போய்விடுகிறது என்பது இதன் பொருள். அதே வருஷம் பிரேசில் நாட்டு வைத்தியர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். கெண்டைச் சதை சுருங்கி விரியும்போதெல்லாம் காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. குதி உயர்ந்த செருப்பில் சதை சரியாகச் சுருங்கி விரிய முடியாததால், அந்தத் தள்ளுதல் குறைந்து காலிலேயே இரத்தம் மிச்சப்படுகிறது என்று அளந்து சொன்னார்கள்.

பெண் சொன்னதற்கு அர்த்தம்

இப்போது அந்தக் கல்யாணப் பெண்ணிடம் திரும்பி வருவோம். ஹீல்ஸ் போட்டால் சௌகரியம், கழற்றினால் வலி என்றாளே, அது பொய்யல்ல. மூன்று வருஷமாக அவளுடைய சதை செருப்பின் அளவுக்குத் தைக்கப்பட்டுவிட்டது. குதிகாலைத் தரையில் வைக்க வேண்டுமானால் பழைய நீளம் வேண்டும். அந்த நீளம் இப்போது அவளிடத்தில் இல்லை. குட்டையான சதையையும் விறைத்த நாணையும் இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அதிலும் ஐந்து மணி நேரம் நாலங்குலத்தின் மேல் நின்ற மறுநாள்!

ஆனால் அந்த வலியிலிருந்து "ஹீல்ஸ்தான் என் காலுக்கு நல்லது" என்று முடிவு செய்தாளே, அங்கேதான் தவறு. தினந்தோறும் குடித்துப் பழகினவனுக்கு ஒரு நாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது. அதனால் சாராயம் கை நடுக்கத்திற்கு மருந்து என்று யாராவது சொல்லுவார்களா?

தோழர்களே! இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். எந்தப் பழக்கமும் முதலில் மனிதனைத் தனக்கேற்றபடி வளைக்கிறது. வளைத்த பிறகு, "பாருங்கள், இவன் நிமிர்ந்தால் வலிக்கிறதென்கிறான், ஆகையால் வளைந்திருப்பதுதான் இவனுடைய இயற்கை" என்று தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்ளுகிறது. பெண்ணைப் படிக்க விடாமல் வீட்டில் அடைத்து வைத்துவிட்டு, "பெண்ணுக்கு இயற்கையிலேயே வெளியுலகம் தெரியாது" என்று சொன்னார்களே, அதுவும் இந்தச் சாட்சிதான். குதி உயர்ந்த செருப்பில் இந்தத் தந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது, மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிகிறது, அவ்வளவே வித்தியாசம்.

யாருடைய செருப்பு?

"பெண்ணுக்கு இது அழகு, பெண்மைக்கு அடையாளம்" என்பார்கள். இதன் சரித்திரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். குதி உயர்ந்த செருப்பை முதலில் போட்டவன் ஆண். பாரசீகத்துக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் பிடித்துக்கொள்ளுவதற்காகக் குதி வைத்த செருப்பைப் போட்டார்கள். அது 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களிடம் போயிற்று. 1643 முதல் 1715 வரையில் ஆண்ட பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி, சிவப்புக் குதி வைத்த செருப்போடுதான் சபையில் நிற்பார். அப்போது அது ஆண்மைக்கும் அந்தஸ்துக்கும் அடையாளம். வயல் வேலை செய்கிறவன் அதைப் போட்டு நடக்க முடியாது என்பதே அதன் பெருமை. அடுத்த நூற்றாண்டில் ஆண்கள் நைசாகக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பெண்களின் காலில் அது நின்றுவிட்டது. ஆணுக்கு இயற்கையாயிருந்தது எந்தத் தேதியில் பெண்ணுக்கு இயற்கையாயிற்று என்று யாராவது சொல்லட்டும்!

செருப்பு என்றாலே யாரோ ஒருவர் இன்னொருவர் காலுக்குச் சட்டம் போடுகிற வழக்கம் நமது நாட்டுக்குப் புதிதல்ல. நம் கிராமங்களில் ஒரு சாராரைப் பார்த்து, "இந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே" என்றார்கள். திருப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 2023-ம் வருஷம் டிசம்பரில்தான் ஆதிதிராவிடத் தோழர்கள் அப்படிப்பட்ட ஒரு தெருவில் செருப்போடு நடந்து காட்ட வேண்டியிருந்தது. அங்கே "போடாதே" என்ற உத்தரவு. கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு "போட்டே தீரவேண்டும்" என்ற உத்தரவு. இரண்டிலும் கால் ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது.

இந்த உத்தரவை எதிர்த்து உலகத்தில் பெண்கள் எழுந்திருக்கிறார்கள். 2015-ல் லண்டனில் நிக்கோலா தார்ப் என்னும் பெண், தட்டைச் செருப்போடு வேலைக்கு வந்ததற்காகச் சம்பளமின்றித் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2017-ல் அது பார்லிமெண்டில் விவாதத்திற்கு வந்தது. அதே வருஷத்தில் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும், பிலிப்பைன்ஸ் நாடும், வேலையிடத்தில் பெண்களை இந்தச் செருப்புப் போடும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று விதி செய்தன. 2019-ல் ஜப்பானில் யூமி இஷிகாவா என்பவர் "குடூ" என்ற பெயரில் ஒரு கிளர்ச்சி செய்தார். அவர்கள் பாஷையில் செருப்புக்கும் வேதனைக்கும் ஏறக்குறைய ஒரே சொல். இரண்டையும் சேர்த்துச் செய்த பெயர் அது.

நமது பக்கத்தில் என்ன நடந்தது? கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள், உட்கார ஒரு ஆசனம் வேண்டும் என்று போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று செய்தார்கள். நீங்கள் நெய்த பட்டை விற்கிற பெண், நாள் முழுவதும் நின்றே விற்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள். உட்காரும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. கடையில் நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று கேட்பது நம்முடைய வேலை.

ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆண் தோழர்களில் சிலர், "பார்த்தாயா, சயன்ஸே சொல்லிவிட்டது, நாளை முதல் ஹீல்ஸைத் தொடக்கூடாது" என்று வீட்டில் போய் அதிகாரம் செய்யலாம். அப்படிச் செய்ய யாருக்கும் நாம் உரிமைச்சீட்டுக் கொடுக்கவில்லை. போடு என்பதும் கழற்று என்பதும் பிறர் உத்தரவாக இருக்கும் வரையில் இரண்டும் ஒன்றுதான். கால் அவளுடையது. அவளுக்குத் தெரியவேண்டியது விஷயம், முடிவு அவளுடையது. ஆசைக்கு ஒரு விசேஷத்தில் போட்டு, பிறகு கழற்றிவிட்டால் சதை குட்டையாகிவிடாது. வருஷக்கணக்கில், வாரத்தில் பல நாள், பல மணி நேரம் என்பதுதான் கேடு.

செய்ய வேண்டியது என்ன?

வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். இரு குதிகாலும் தரையில் பதிய, முன்னே விழாமல் குந்தி உட்கார முடிகிறதா? நாற்று நடுகிறவர்களும் கோலம் போடுகிறவர்களும் சுலபமாக உட்காருவார்கள். உட்காரும்போது குதிகால் தானாகக் கிளம்பினால், பின்சதை இறுகியிருக்கலாம். செருப்பே போடாதவர்களுக்கும், நாற்காலியிலேயே காலம் கழிப்பதால் இப்படி நேரிடுவதுண்டு.

நெடுங்காலம் உயரக் குதி போட்டவர்கள் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்குத் தாவக்கூடாது. தாவினால் வலி வரும். வலி வந்ததும் பழைய செருப்பே மேல் என்று தோன்றும். நாலங்குலத்திலிருந்து மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று சில வாரங்களில் இறங்கட்டும். தினமும் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையில் அழுத்தி அரை நிமிஷம் நிற்கட்டும். பிறகு அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கி அரை நிமிஷம். முதலாவது மேற்சதைக்கு, இரண்டாவது அடிச்சதைக்கு. இரண்டு காலுக்கும் செய்ய வேண்டும். மெதுவாக இழுக்க வேண்டும், வெட்டி இழுக்கக்கூடாது. குதிகாலுக்கு மேலே சடக்கென்று சத்தம் கேட்டது போல் வலித்தாலும், கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலும், எண்ணெய் தடவிக்கொண்டிராமல் டாக்டரிடம் போகவேண்டும்.

நாம் இவற்றை அந்தப் பெண்ணுக்குச் சொன்னோம். அவள் செய்கிறாள். இப்போது வெறுங்காலில் வாசலுக்கு வந்து நிற்க முடிகிறதாம். ஆனால் கடையில் உத்தரவு இன்னும் அப்படியே இருக்கிறது. அவளும் கூட வேலை செய்கிற பெண்களும் சேர்ந்து, தட்டைச் செருப்புப் போட அனுமதி வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடுமோ என்று சிலருக்குப் பயம். அந்தப் பயத்தை உடற்பயிற்சி போக்காது. அவர்களுடைய அப்பன்மார்களும் அண்ணன் தம்பிகளும் பக்கத்தில் நின்றால்தான் போகும். அப்படிப்பட்டவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்.

ஆகவே தோழர்களே! சுருங்கின சதை மெதுவாக நீளும்; அதற்குச் சுவரும் அரை நிமிஷமும் போதும். சுருங்கிப்போன தைரியத்தை நீட்டுவதற்குத்தான் நாம் நாலு பேர் வேண்டும். நாம் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் காலையே தொட்டுப் பார்த்து, குந்தி உட்கார்ந்து பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.